கர்ப்ப கால ஆப்: எதற்கு உதவும், எது வரைக்கும் நம்பலாம்?

கர்ப்ப கால ஆப் என்று பிளே ஸ்டோரில் தேடினால் வந்து விழுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வயிற்றில் இருக்கும் குழந்தை இந்த வாரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று படம் போட்டுச் சொல்வது. இன்னொன்று, இன்று என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், எடை எவ்வளவு, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுக் குறித்து வைப்பது. முதல் வகையை ஆசை ஆசையாகத் திறந்து பார்ப்பார்கள். உடம்புக்கு நேரடியாக உதவக்கூடியது இரண்டாவது வகை, ஆனால் அதைத்தான் கொஞ்ச நாளில் விட்டுவிடுகிறார்கள். ஏன் விடுகிறார்கள், விடாமல் இருக்க என்ன செய்யலாம், அதை எது வரைக்கும் நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வடசென்னையில் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு, கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனோடு இருக்கிற பெண்ணை மனதில் வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆப்களைச் செய்தவர்களில் அநேகம் பேர் அவளை மனதில் வைக்கவில்லை.

இந்த இரண்டாவது வகையை, அதாவது பழக்க ஆப் என்பதை எடுத்துக்கொண்டால் அதன் அடிப்படை ரொம்ப எளிது. நீங்கள் ஒன்றைச் செய்ய நினைக்கிறீர்கள், அது நேரத்துக்கு ஞாபகப்படுத்துகிறது, செய்ததும் ஒரு டிக் போடுகிறீர்கள், வாரக் கடைசியில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று காட்டுகிறது. அவ்வளவுதான். நம்மை நாமே குறித்து வைக்கும்போது நாம் செய்வது நம் கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தால் கொஞ்சம் மாறுகிறோம். இதற்கு மேல் அந்த ஆப்புக்கு உங்கள் உடம்பைப் பற்றி எதுவும் தெரியாது. உங்கள் ரத்த அளவு, உங்கள் பிரஷர், ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் செக்கப் அட்டையில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சிஸ்டருக்குத் தெரியும், ஆப்புக்குத் தெரியாது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? என்னைக் கேட்டால் இரும்புச்சத்து மாத்திரையில். ஆப்பில் இருக்கிற பத்து வசதிகளையும் முதல் நாளே முடுக்கிவிடாமல் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது, அதாவது ஹீமோகுளோபின் 11க்குக் கீழே. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். வாங்கி வருவதில் சிக்கல் இல்லை, விழுங்குவதில்தான். குமட்டும், மலம் கட்டும், கறுப்பாகப் போகும். கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்துபோய் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அது இரும்பினால் வருகிற நிறம், ஒன்றும் ஆகாது.

இப்போது ஆப்பைத் திறந்தால் அது தானாகவே காலை எட்டு மணி என்று அலாரம் வைத்திருக்கும். காலை எட்டு மணிக்கு நம் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் பிடிக்க வேண்டும், டிபன் கட்ட வேண்டும், அவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும், போன் எங்கேயோ சார்ஜில் கிடக்கும், அடித்தது யாருக்கும் கேட்காது. கேட்டாலும் ஒரு கையில் டீ டம்ளர் இருக்கும், டீயோடு சேர்த்து முழுங்கினால் அந்த இரும்பில் பாதி உடம்பில் சேராமலே போகும். டீ, காபி, பால் மூன்றுமே இரும்பை உறிஞ்ச விடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கொடுக்கிற கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது, கால்சியத்தைச் சாப்பாட்டோடு போட்டு, இரும்பை இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். அதனால் அலாரத்தை ராத்திரிக்கு மாற்றுங்கள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிற நேரம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதுதான் உங்கள் மாத்திரை நேரம். கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் இன்னும் நல்லது. மாத்திரை அட்டையைத் தலைமாட்டில் வையுங்கள், டிக் போட மறந்தாலும் எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நேற்று விட்டுப்போச்சு என்று இன்று இரண்டாகப் போட வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், இதைச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. விலை குறைந்த போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, கொஞ்ச நேரம் திறக்காத ஆப்களைப் போன் தானாகத் தூங்க வைத்துவிடும். அலாரம் வராது. நாம்தான் மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நம்மையே குறை சொல்லிக்கொண்டிருப்போம். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் போனில் இருக்கிற சாதாரண அலாரமே போதும், ‘மாத்திரை’ என்று பெயர் போட்டு வைத்தால் ஆயிற்று.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் ஆப்கள் ரொம்பத் தடுமாறுகின்றன. அரை அவகாடோ, ஒரு கப் கினோவா என்று பட்டியல் இருக்கும், நம் தட்டில் இருக்கிற பழைய சோறும் நெத்திலிக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் அதில் இருக்காது. இருந்தாலும் எத்தனை கிராம் என்று கேட்கும். கரண்டியில் அள்ளிப் போடுகிற வீட்டில் கிராமுக்கு எங்கே போவது? கலோரி கணக்குப் போடுவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்குத் தேவையே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சொல்வது, நாலாவது மாதத்திலிருந்து நாளுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கிட்டத்தட்ட அவ்வளவுதான். “ரெண்டு பேருக்குச் சேத்து சாப்புடு” என்று வீட்டில் சொல்கிற அளவு இல்லை, குமட்டுகிறது என்று டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிற அளவும் இல்லை. ஆப்பில் நீங்களே கேள்வி போட்டுக்கொள்ள இடம் இருந்தால் மூன்றே கேள்வி வையுங்கள்: இன்று கீரை சாப்பிட்டேனா, முட்டையோ மீனோ பருப்போ சாப்பிட்டேனா, ஒரு பழம் சாப்பிட்டேனா. ஆமாம், இல்லை, அவ்வளவுதான். ஒரு வாரத்தைத் திருப்பிப் பார்த்தால் எது விட்டுப்போகிறது என்று தானாகத் தெரியும். பெரும்பாலும் பழம்தான் விட்டுப்போயிருக்கும்.

மீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், காசிமேட்டுப் பக்கம் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. வெளிநாட்டு ஆப்களில் வேகாத மீன் வேண்டாம், வாள் மீன் வேண்டாம் என்று இருக்கும், நமக்கு அது யாரோ எவருக்கோ சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் அந்த வாள் மீன் எச்சரிக்கைக்குப் பின்னால் இருக்கிற காரணம் நமக்கும் பொருந்தும். பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று தின்று அவற்றின் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், அது குழந்தையின் மூளை நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. அந்த வரிசையில் சுறாவும் உண்டு. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள், மாசமாக இருக்கும்போதும் கேட்டால் கிடைக்கும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் சுறாவைத் தவிர்க்கச் சொல்வதுதான் இப்போதைய மருத்துவ அறிவுரை. மாமியாரிடம் போய் “ஆப்ல வேணாம்னு போட்டிருக்கு” என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்: “இன்னாமா, நாங்கல்லாம் இத்த துன்னுதானே புள்ள பெத்தோம்?” அதற்குப் பதிலாக, “இல்லத்த, நெத்திலியா வாங்கினு வரச் சொல்லுங்க, முள்ளோட சாப்பிட்டா சுண்ணாம்புச் சத்து கெடைக்கும்னு சிஸ்டர் சொன்னாங்க” என்றால் பேச்சு அடுப்படிக்குப் போய்விடும். நெத்திலி, மத்தி, காரப்பொடி போன்ற சின்ன மீன்கள் விலையும் குறைவு, சத்தும் அதிகம், பாதரசமும் குறைவு. நன்றாக வெந்திருந்தால் போதும்.

நடையைக் கணக்கெடுக்கும் ஆப்பைப் பற்றிப் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு, நியாயமான மனக்குறை. போனுக்குள் இருக்கிற அசைவு உணரும் கருவிதான் அடிகளை எண்ணுகிறது, போன் அலமாரியில் இருந்தால் அதற்கு நீங்கள் நாள் முழுக்கப் படுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கீழ் வீட்டு அடி பம்பிலிருந்து தண்ணீர் பிடித்து, இரண்டு மாடி ஏறி, துணி துவைத்து, காய வைத்து, மத்தியானம் போனை எடுத்துப் பார்த்தால் 312 அடி என்று காட்டி, ‘இன்னும் கொஞ்சம் முயலுங்கள்’ என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. அந்த எண்ணை விட்டுத்தள்ளுங்கள். தினமும் பத்தாயிரம் அடி என்பதே 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்த எண்ணிக்கை, கர்ப்பிணிகளுக்காக யாரும் கணக்குப் போட்டது இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், அதுதான் மிதமானது. தண்ணீர்க் குடம் தூக்குவது இதில் சேராது. பாரம் தூக்குவதை வேறு யாராவது செய்யட்டும், அந்த நேரத்தை நீங்கள் நடங்கள்.

எங்கே நடப்பது என்று எந்த ஆப்பும் சொல்லாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமாக கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்து புகையை உள்ளே இழுப்பதில் என்ன பிரயோசனம்? மணலி, எண்ணூர் காற்று எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நாற்றம் அடிக்கிற நாளில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது. மற்ற நாட்களில் மொட்டை மாடி, இல்லாவிட்டால் பக்கத்து மாநகராட்சிப் பூங்கா. ராயபுரத்துக்காரர்களுக்குப் பழைய ராபின்சன் பூங்கா இருக்கிறது. சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும், சர்க்கரைக்கும் அது நல்லது. ரத்தக்கசிவு இருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று சொல்லியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் எந்த ஆப்பின் உடற்பயிற்சியையும் தொட வேண்டாம்.

எடைப் பகுதியில் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயப்பட மாட்டீர்கள். பல ஆப்கள் அமெரிக்க அட்டவணையை வைத்திருக்கின்றன, சாதாரண எடையுள்ள பெண்ணுக்குப் பத்து மாதத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூட வேண்டும் என்பது அந்தக் கணக்கு. இங்கே பொதுவாகச் சொல்வது 10 முதல் 12 கிலோ. அதனால் சிஸ்டர் “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்கிற எடையை ஆப் சிவப்பில் காட்டலாம். சிஸ்டர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், காலையில் பார்த்துக் குறித்தால் போதும். ஆனால் ஒரே வாரத்தில் எடை திடீரென்று ஏறி, முகம் கை வீங்கி, தலைவலியும் இருந்தால் அது சாப்பாட்டுச் சமாச்சாரம் இல்லை, பிரஷராக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்தச் சிவப்பு நிறம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் தொடர் அறுந்துவிட்டது என்று காட்டுவது, முகம் வாடிய பொம்மை போடுவது எல்லாம் மாசமாக இருக்கிற பெண்ணுக்குத் தேவையில்லாத குற்ற உணர்ச்சி. அவளைக் குறை சொல்ல ஏற்கெனவே வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். அந்த வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், முடியாவிட்டால் ஆப்பையே மாற்றுங்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்டால், ஸ்வீடனில் ஒழுங்காகப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹெல்தி மாம்ஸ் என்ற ஆப்பை வைத்து 305 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஆறு மாதம் ஆப்பைப் பயன்படுத்தியவர்களின் சாப்பாடு மேம்பட்டிருந்தது, ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது எடை கூடிய அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் கலந்துகொண்ட பெண்களில் சிலரிடம் உட்கார்ந்து பேசியபோது, அவர்கள் ஆப்பைப் பயன்படுத்தியதையும் கைவிட்டதையும் ஆப்புக்குள் இருந்தவை மட்டும் தீர்மானிக்கவில்லை, வெளியே அவர்கள் வாழ்க்கையில் இருந்தவையும் தீர்மானித்தன என்பது தெரிந்தது. பிறகு அந்த ஆப்பை சோமாலி, அரபு மொழிகளிலும் கொண்டுவந்தார்கள், அங்கே குடியேறி வாழ்கிற தாய்மாருக்காக. எனக்கு இதில் மனதில் பட்டது அந்த ‘வெளியே’ என்பதுதான். ஸ்வீடனிலேயே அப்படி என்றால், ஒரு போனை மூன்று பேர் பகிர்ந்துகொள்கிற கொருக்குப்பேட்டை வீட்டில் அந்த ‘வெளியே’ இன்னும் எவ்வளவு பெரியது. கணவரோ மாமியாரோ தங்கையோ ஒருவர் சேர்ந்துகொண்டால் ஆப் ஓடும். “அண்ணி, மாத்திர போட்டீங்களா?” என்று கேட்க வீட்டில் ஒரு நாத்தனார் இருந்தால் அலாரமே வேண்டாம்.

வாரக் கணக்கில் வரும் வித்தியாசத்தையும் பலர் கேட்கிறார்கள். ஆப் 22 வாரம் என்கிறது, அட்டையில் 20 என்று இருக்கிறது, எது சரி? ஆப் கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுகிறது, எல்லோருக்கும் 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொண்டு. உங்களுக்குத் தள்ளித் தள்ளி வருகிற வழக்கம் என்றால் கணக்கு தப்பும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் தேதிதான் நம்பகமானது, டாக்டர் மாற்றிச் சொன்னால் ஆப்பிலும் தேதியை மாற்றிவிடுங்கள். எப்படியும், சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான்.

ராத்திரி நேரத்துப் பயம் வேறு. ஏழாவது மாதத்துக்கு மேல் குழந்தையின் அசைவை எண்ணுவதற்கு ஆப் உதவும்: இடது பக்கமாகப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு உதைக்கும் ஒரு தட்டு. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. குறைந்தாலோ, வழக்கமான துள்ளல் இன்று இல்லை என்று உங்களுக்கே தோன்றினாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனை வயிற்றின் மேல் வைத்தால் இதயத்துடிப்பு கேட்கும் என்று சொல்கிற ஆப்களை நம்பவே வேண்டாம், கேட்பது பல நேரம் உங்கள் துடிப்பாகவோ வெறும் இரைச்சலாகவோ இருக்கும், அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவதுதான் ஆபத்து. ரத்தம் படுவது, பனிக்குட நீர் கசிவது, கண் மங்குவது, விடாத தலைவலி, வலிப்பு, காய்ச்சல், இதற்கெல்லாம் ஆப்பில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, 108. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிரசவ வார்டு இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

ஆணா பெண்ணா என்று தேதியை வைத்துச் சொல்கிற ஆப்களைத் தொட வேண்டாம். சொல்வது பொய், பாலினம் கண்டறிவதும் அதை விளம்பரம் செய்வதும் 1994 சட்டப்படி குற்றம்.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கரு கலைந்துபோனாலும் ஆப்புக்கு அது தெரியாது. ‘இந்த வாரம் உங்கள் குழந்தை’ என்று அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், விளம்பரங்களில் தொட்டிலும் ஜபலாவும் வந்துகொண்டே இருக்கும். 2018 டிசம்பரில் இறந்து பிறந்த குழந்தையின் தாயான ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் இதைப் பற்றித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார், உலகம் முழுக்கப் பெண்கள் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். பல ஆப்களில் கர்ப்பம் முடிந்துவிட்டது என்று தெரிவிக்க செட்டிங்ஸில் ஓர் இடம் இருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணால் அதைத் தேட முடியாது. கூட இருக்கிற அக்காவோ தோழியோ அவள் போனை வாங்கி, அதைச் செய்து, ஆப்பையும் எடுத்துவிட வேண்டும். பூ, பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதைவிட இது பெரிய உதவி.

உங்கள் தகவல் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். மாதவிடாய், கர்ப்பக் கணக்கு வைக்கும் ஃப்ளோ என்ற ஆப், பயனாளர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளோடு பகிர்ந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2021இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. இந்தியாவிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது எளிது: மாத்திரை ஞாபகப்படுத்துகிற ஆப் உங்கள் தொடர்பு எண்கள், இருப்பிடம், கேமரா எல்லாம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் ஓடவில்லை என்றால் வேறு ஆப் பாருங்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே போன் என்றால், எதை எழுதி வைக்கிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் சொல்ல முடியாத பிரச்சினையை ஆப்பில் எழுதாமல் சிஸ்டரிடம் நேரில் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆப்பில் பதிந்துவிட்டோம், அதுவே போதும் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அரசாங்கத்தில் கர்ப்பத்தைப் பதிந்ததற்குக் கொடுக்கிற பிக்மி நம்பர் என்பது வேறு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வாங்க வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவிக்கும் அதுதான் கேட்பார்கள். அடுத்த தடவை செக்கப்புக்குப் போகும்போது அட்டையோடு போனையும் எடுத்துப் போங்கள். மாத்திரை விட்டுப்போன நாட்கள், வாரா வாரம் எடை, மீன் சாப்பிட்ட நாட்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டினால் சிஸ்டருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும், வரிசையில் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது அந்த ஒரு நிமிடம் பெரிசு. ராத்திரி தோன்றுகிற சந்தேகங்களையும் நெட்டில் தேடாமல் அதே போனில் தமிழிலேயே எழுதி வையுங்கள், எழுதப் பிடிக்காவிட்டால் குரலாகப் பதிந்து வையுங்கள், உள்ளே கூப்பிட்டதும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.